பொந்துச் சுவரும் சட்டிக் கூரையும்: சீவலப்பேரிப் பக்கம் கட்டிய ஒரு வீடு

2023 டிசம்பர் 17, 18 மழை விட்டு, வெள்ளம் வடிந்து, வீட்டுக்குள் நின்ற வண்டலை எல்லாம் வாரிக் கொட்டிய பிறகும் சித்தப்பா வீட்டு வடக்குச் சுவர் மட்டும் காயவில்லை. தை போனது, மாசி போனது, பங்குனி வெயிலிலும் அந்தச் சுவரில் கையை வைத்தால் தண்ணீர்ப் பானையைத் தொட்டது போல இருந்தது. அந்த வீட்டை வரைந்ததும் கூடவே நின்று கட்டிக் கொடுத்ததும் நான்தான். எது சரியாக வந்தது, எது தப்பாகப் போனது, ஏன் போனது என்று ஒரு தடவை முழுதாக எழுதிவிட வேண்டும் என்று அன்றே முடிவு செய்தேன். ஈரச் சுவரில் தொடங்கினாலும் விஷயம் அங்கே நிற்காது. வயதில் சரியாக ஐம்பது வருட இடைவெளி உள்ள இரண்டு கட்டடக் கலைஞர்களின் வேலையைப் பார்த்து வளர்ந்தவள் நான். அந்த இரண்டு பேரையும் ஒரே வீட்டுக்குள் குடிவைக்கப் பார்த்தேன், அவர்கள் உள்ளேயே முட்டிக்கொண்டார்கள்.

சித்தப்பா தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். சிற்றாறு தாமிரபரணியில் வந்து சேரும் இடத்திலிருந்து அதிக தூரம் இல்லை, வாழைத் தோட்டங்களை ஒட்டி ஆறு சென்ட் இடம். அதில் பனங்கை போட்டு நாட்டு ஓடு வேய்ந்த பழைய வீடு நின்றது. முன்னால் திண்ணை, உள்ளே தார்சா என்கிற கூடம், அதை அடுத்து அரங்கு என்கிற உள்ளறை, பின்னால் அடுக்களை. கறையான் பனங்கையைத் தின்று முடித்த பிறகுதான் அவருக்கு இடிக்க மனம் வந்தது. 2021இல் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொன்னார்:

"பாப்பா, இது பென்சன் பணத்துல கட்டுற வீடு. கடன் வாங்க மாட்டேன். சித்திரை மாசம் மத்தியானம் ஃபேன் இல்லாம படுத்துத் தூங்கணும். வேற ஒண்ணும் கேக்கல."

பாளையங்கோட்டையில் சின்னதாக ஓர் அலுவலகம் வைத்து வீடு வரைந்து கொடுக்கிறேன். இவ்வளவு தெளிவாகத் தனக்கு என்ன வேண்டும் என்று சொன்ன ஆள் அதற்கு முன்னும் பின்னும் எனக்குக் கிடைத்ததில்லை. பணம் கம்மி, வெயில் ஜாஸ்தி. இந்த இரண்டையும் சேர்த்துக் கேட்டால் என் மாதிரி ஆட்களுக்கு உடனே ஞாபகம் வரும் பெயர் லாரி பேக்கர். அதற்கு அடுத்து எனக்கு வரும் பெயர் அனுபமா குண்டூ. முதலில் சொன்ன அந்த இரண்டு கட்டடக் கலைஞர்கள் இவர்கள்தான்.

பேக்கர் 1917இல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் பிறந்தவர். போர்க் காலத்தில் சீனாவில் மருத்துவத் தொண்டு செய்துவிட்டு ஊர் திரும்பும் வழியில் பம்பாயில் கப்பலுக்காகக் காத்திருந்தபோது காந்தியைச் சந்தித்தார். வீட்டுக்கு வேண்டிய பொருள் ஐந்து மைல் சுற்றளவுக்குள் கிடைப்பதாக இருக்க வேண்டும் என்று காந்தி சொன்னது அவர் மனதில் கடைசி வரை இருந்தது. 1945இல் இந்தியாவுக்கு வந்தவர் இமயமலைப் பக்கம் பித்தோராகரில் பல வருடம் இருந்தார், அப்புறம் கேரளம், கடைசியில் திருவனந்தபுரம். 2007இல் அங்கேயே இறந்தார். திருநெல்வேலிக்காரர்களுக்கு அவர் தூரத்து ஆள் கிடையாது. ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டினால் அவர் ஊர் வந்துவிடும். அப்பாவை வைத்தியத்துக்காகத் திருவனந்தபுரம் கூட்டிப்போனபோது நான் எட்டாவது படித்துக்கொண்டிருந்தேன். தம்பானூர் பஸ் நிலையத்துக்கு எதிரே உள்ள காபி ஹவுஸுக்குள் நுழைந்ததும் தரை மேலே ஏறிக்கொண்டே போனது, ஒரு பெரிய நத்தைக் கூட்டுக்குள் நடப்பது போல. மேஜையும் பெஞ்சும் சுவரோடு சேர்த்தே கட்டியவை. செங்கல்லை விட்டு விட்டு வைத்த ஓட்டைகள் வழியே வெளிச்சம் பொட்டுப் பொட்டாக விழுந்தது. அதைக் கட்டியவர் பெயர் அப்போது எனக்குத் தெரியாது. ஆனால் அந்தச் சுவரைத் தொட்டுக்கொண்டே நடந்தது இன்னும் விரலில் இருக்கிறது.

பேக்கரின் வழியை ஒரே கேள்வியில் அடக்கிவிடலாம்: இது தேவையா? சுவருக்குப் பூச்சு தேவையா? ஜன்னலுக்கு மரச் சட்டம் தேவையா? ஜன்னலுக்கு மேலே லிண்டல் என்று தனியாக ஒரு கான்கிரீட் துண்டு தேவையா, செங்கல்லையே வளைவாக அடுக்கினால் போதாதா? தேவையில்லாததை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே போனால் மிச்சம் நிற்பது வீடு. அவர் வட்டச் சுவர் கட்டியதைப் பலர் அழகுக்கு என்று நினைக்கிறார்கள். 400 சதுர அடியைச் சதுரமாகச் சுற்றினால் 80 அடிச் சுவர் வேண்டும், வட்டமாகச் சுற்றினால் 71 அடி போதும். அந்த 9 அடிச் சுவர் ஒரு ஏழைக்கு மிச்சம். 1970களில் திருவனந்தபுரத்தில் அவர் கட்டிய வளர்ச்சி ஆய்வு மையத்து வளாகத்தில் நடந்து பார்த்தால் இந்தக் கணக்கு எத்தனை வடிவம் எடுக்கும் என்பது தெரியும். சுவர் மரத்தைச் சுற்றிப் போகிறது, மரம் சுவருக்காக வெட்டப்படவில்லை.

இன்னொன்று, அவர் ஏசி அறையில் உட்கார்ந்து வரைந்து அனுப்பியவர் இல்லை. பழைய உறை, அழைப்பிதழ் என்று கிடைத்த காகிதத்தின் பின்பக்கத்தில் படம் போட்டு, தளத்தில் கொத்தனாரோடு நின்று, கட்டக் கட்டவே மாற்றியவர். நடுவில் ஒப்பந்ததாரர் என்று ஒருவரை வைத்துக்கொள்ளாமல் தானே பழக்கிய ஆட்களோடுதான் வேலை செய்தார். இதன் முக்கியத்துவம் எனக்குப் பின்னால்தான் உறைத்தது.

குண்டூ பிறந்தது 1967இல், புனேயில். மும்பையில் கட்டடக் கலை படித்துவிட்டு 1990இல் ஆரோவில்லுக்கு வந்தார். தனக்கென்று முதலில் போட்டுக்கொண்டது சவுக்குக் கம்பும் கீற்றும் கயிறுமாக ஒரு குடிசை. 2000இல் அவர் கட்டிய வால் ஹவுஸ் வீட்டைக் கல்லூரிக் காலத்தில் ஆரோவில் போனபோது பார்த்தேன். ஒரு அங்குல கனம்தான் இருக்கும், அச்சுக்கல் என்று அந்தப் பக்கத்தில் பழைய நாளில் போட்ட மெல்லிய செங்கல், சுண்ணாம்புச் சாந்தில் அடுக்கிய நீளச் சுவர். அதைவிடக் கூரைதான் என்னை நிறுத்தியது. குயவர்கள் சக்கரத்தில் வைத்து இழுத்த கூம்புக் குழாய்களை ஒன்றுக்குள் ஒன்று செருகி, வளைவாக, கம்பியே இல்லாமல் நிறுத்தியிருந்தார்கள். இன்னொரு தளத்தில் மண்பானைகளைக் கவிழ்த்து வைத்து மேலே கான்கிரீட் போட்டது. பிற்பாடு புதுச்சேரியில் ஆதரவற்ற குழந்தைகளுக்காக அவர் கட்டிய வீடுகள் இன்னும் ஒரு படி மேலே. பச்சை மண் கல்லில் குவிமாடம் கட்டி, உள்ளே செங்கல்லும் ஓடும் அடுக்கி, அந்த வீட்டையே சூளையாக்கித் தீ மூட்டி, வீடும் வேகும், உள்ளே இருந்த பொருளும் வேகும் என்று செய்தார்கள். ரே மீக்கர் என்ற மண்பாண்டக் கலைஞர் உருவாக்கிய முறை அது. ஒரு வீட்டைச் சுடும் தீயில் இன்னொரு வேலைக்கான பொருளும் தயாராகிவிடுகிறது.

குண்டூவின் கேள்வி வேறு: இதை யார் செய்வார், அவருக்கு எவ்வளவு நேரம் கொடுப்போம்? இன்றைக்கு நாம் நேரத்தை மிச்சம் பிடிக்கப் பொருளை வாரி இறைக்கிறோம். சிமெண்ட்டும் கம்பியும் வேகமாக வேலையை முடிக்கும், பூமிக்குத்தான் செலவு. அவர் திருப்பிப் போடுகிறார், மனிதக் கைக்கு நேரத்தைக் கொடு, பொருள் தானாகக் குறையும் என்று. 2020இல் டென்மார்க் நாட்டு லூயிசியானா அருங்காட்சியகத்தில் அவருடைய வேலைகளை வைத்து நடந்த கண்காட்சிக்கே நேரம் என்பதுதான் கரு. அதற்காக எல்லாமே மெதுவாகத்தான் நடக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவரும் இல்லை. கம்பி வலையில் சிமெண்ட் சாந்து பூசிச் செய்யும் ஃபெரோசிமெண்ட் பெட்டிகளாகச் செய்து கொண்டுவந்து ஆறே நாளில் அடுக்கி நிறுத்தும் சின்ன வீட்டையும் அவர் செய்து காட்டியிருக்கிறார். பெட்டி செய்வது கொத்தனார்கள் தங்கள் இடத்திலேயே செய்யக்கூடிய வேலை, சுவரே அலமாரியும் ஆகிவிடும்.

இருவரையும் சேர்த்து "குறைந்த செலவு, இயற்கைப் பொருள்" என்று ஒரே மூட்டையில் கட்டிவிடும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. நானும் அப்படித்தான் கட்டி வைத்திருந்தேன். அதுதான் இந்த வீட்டில் நான் செய்த முதல் தப்பு.

சுவர்

சுவருக்கு எலிப்பொறிக் கட்டு. பேக்கர் ஊரெல்லாம் பரப்பிய முறை. செங்கல்லைப் படுக்க வைக்காமல் பக்கவாட்டில் நிறுத்தி வைப்பது. 3 அங்குலக் கல் வெளியே, 3 அங்குலக் கல் உள்ளே, நடுவில் 3 அங்குலப் பொந்து, ஆக 9 அங்குலச் சுவர். சுமார் கால்வாசிச் செங்கல் மிச்சம், சாந்தும் மிச்சம், பொந்தில் நிற்கும் காற்று வெயிலை உள்ளே விடாது. எலக்ட்ரிக் பைப்பை அதற்குள்ளேயே இறக்கிவிடலாம், சுவரை உடைத்துக் காடி போட வேண்டாம்.

கொத்தனார் அண்ணாச்சிக்கு வயது அறுபதுக்கு மேல். படத்தைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "எம்மா, உள்ள பொந்து விட்டுக் கட்டுனா பாம்புல்லா வந்து குடியிருக்கும்?" எல்லா முனையும் அடைபட்டிருக்கும், வழியே இருக்காது என்று சொல்லி, நாலு வரிசை கட்டிக் காட்டினேன். இரண்டாம் நாள் அவரே அதில் இறங்கிவிட்டார். ஆனால் மூன்றாம் நாள் பெரிய சிக்கல் வந்தது, சுவரில் இல்லை, கூலியில்.

நம் பக்கம் லேபர் காண்ட்ராக்ட் என்றால் சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசுவதுதான் வழக்கம். வேகமாகக் கட்டினால் கொத்தனாருக்கு லாபம், நின்று நிதானமாகக் கட்டினால் நஷ்டம். பூச்சு இல்லாத சுவரில் ஒவ்வொரு கல்லும் முகம் பார்த்து வைக்க வேண்டும், இணைப்பைத் தேய்த்து மூட வேண்டும். அதைச் சதுர அடிக் கூலிக்குள் அடக்கச் சொல்வது அவர் வயிற்றில் அடிப்பது. அண்ணாச்சி வாய் திறந்து கேட்கவில்லை, நான்தான் கணக்குப் போட்டுப் பார்த்தேன், அவருடைய ஆட்களுக்கு முந்தைய வேலையில் கிடைத்ததைவிடக் குறைவாகத்தான் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தது. சித்தப்பாவிடம் பேசி, செங்கல் வேலை முடியும் வரை நாள் கூலிக்கு மாற்றினோம். செங்கல்லில் மிச்சமானதில் பாதிக்கு மேல் கூலிக்குப் போயிற்று.

அன்று சாயங்காலம் பஸ்ஸில் வரும்போதுதான் புரிந்தது, பேக்கர் ஏன் ஒப்பந்ததாரரை வைத்துக்கொள்ளவில்லை என்று. எலிப்பொறிக் கட்டு என்பது செங்கல் அடுக்கும் முறை மட்டும் கிடையாது, அதோடு ஒரு கூலி முறையும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதை விட்டுவிட்டுச் சுவரை மட்டும் எடுத்துக்கொண்டால் யாரோ ஒருவர் தலையில் விடியும். இந்த இடத்தில் குண்டூ கேட்கும் கேள்வியும் பேக்கர் செய்த காரியமும் ஒரே புள்ளியில் வந்து நிற்கின்றன. குண்டூ அதை வெளிப்படையாகப் பேசினார், பேக்கர் பேசாமலே செய்தார்.

கூரை

தார்சாவுக்குக் கூம்புக் குழாய் வளைவுக் கூரை போடுவது என்று ஆசை ஆசையாக வரைந்து வைத்திருந்தேன். ஸ்ட்ரக்சுரல் கணக்குப் பார்க்கும் நண்பர் படத்தை ஒரு நிமிடம்தான் பார்த்தார். "சுவர் பொந்து, மேல வளைவா? சுவர் வெளிப்பக்கம் சாஞ்சிரும்."

வளைவு தன் எடையை நேராகக் கீழே இறக்காது, இரண்டு பக்கமும் வெளியே தள்ளும். அந்தத் தள்ளலைத் தாங்கச் சுவர் கனமாக இருக்க வேண்டும், இல்லை இரண்டு பக்கத்தையும் இழுத்துப் பிடிக்க இரும்புக் கம்பி வேண்டும். பேக்கரின் சுவர் மெலிந்து மெலிந்து, எடை குறைந்து நிற்பது. குண்டூவின் வளைவு கேட்பதோ கனத்த சுவரை. சுவரில் மிச்சம் பிடித்தால் கூரைக்குக் கம்பி வாங்க வேண்டும், கூரையில் மிச்சம் பிடித்தால் சுவருக்குக் கல் வாங்க வேண்டும். இரண்டிலும் மிச்சம் பிடிப்பேன் என்று நான் நின்றதுதான் தப்பு. ஒவ்வொருவருடைய சிக்கனமும் அஸ்திவாரத்திலிருந்து உச்சி வரை ஓடும் ஒரே கணக்கு, அதில் எனக்குப் பிடித்த ஒரு வரியை மட்டும் உருவி எடுத்தால் மிச்சக் கணக்கு இடிகிறது. கல்லூரியில் இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை என்பதில் எனக்கு இன்றும் வருத்தம். அங்கே எங்களுக்குக் காட்டியது எல்லாம் படங்கள்தான், ஒரு பக்கம் பேக்கரின் ஓட்டைச் சுவர், அடுத்த பக்கம் வேறு யாருடையதோ.

சரி, வளைவை விட்டோம். தட்டையான ஃபில்லர் ஸ்லாப் என்று முடிவாயிற்று. ஸ்லாப் சுமை தாங்கி வளையும்போது மேல்பகுதி அமுங்கும், கீழ்ப்பகுதி இழுபடும். கான்கிரீட் அமுக்கத்தைத் தாங்கும், இழுப்பைத் தாங்காது, இழுப்பைத் தாங்குவது கம்பி. ஆகவே கீழே இருக்கும் கான்கிரீட்டுக்குக் கம்பியைப் பிடித்துக்கொள்வது தவிரப் பெரிய வேலை கிடையாது. அந்த இடத்தில் வேறு எதையாவது வைத்து நிரப்பினால் கான்கிரீட்டும் குறையும், எடையும் குறையும். பேக்கர் மங்களூர் ஓட்டை வைத்தார். நாங்கள் மண் சட்டி வைத்தோம். கூரையின் கணக்கு பேக்கருடையது, சட்டி மட்டும் குண்டூவிடமிருந்து வந்தது. அது முட்டவில்லை, ஏனென்றால் தட்டை ஸ்லாப் சுவரை வெளியே தள்ளாது.

சட்டிக்குக் காருகுறிச்சி போனேன். சேரன்மகாதேவி தாண்டி, மண்பாண்டத்துக்குப் பேர் போன ஊர். ஒரு ஆச்சி சக்கரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார், மகன் சுற்றிக்கொண்டிருந்தார். 10 அங்குல வாய், 3 அங்குல ஆழம், நூறு உருப்படி வேண்டும் என்றேன். எதற்கு என்று கேட்டார்கள். சொன்னேன்.

"எம்மா, நாங்க சோறு கொழம்பு வைக்கச் சட்டி செய்வோம். கூரை போடச் சட்டி செஞ்சதில்ல. ஒடைஞ்சா எம் பேரச் சொல்லாத."

ஆனால் அடுத்த கேள்வியும் ஆச்சிதான் கேட்டார், கவிழ்த்து வைக்கும்போது வாய் பலகையில் ஒட்டி உட்காராவிட்டால் சிமெண்ட் பால் உள்ளே போகாதா என்று. எனக்கு அது தோன்றவே இல்லை. "பச்சையா இருக்கப்பவே பலகைல கவுத்தி ஒரு தட்டுத் தட்டிட்டா வாய் மட்டமாயிரும்" என்று அவரே வழியும் சொன்னார். என் படத்தில் இல்லாத, எந்தப் பாடத்திலும் நான் படிக்காத ஒரு தட்டு அது. அந்த நூறு சட்டியும் சென்ட்ரிங் பலகையில் அப்படியே அப்பியது போல உட்கார்ந்தன. கைவினைஞரிடம் வேலையைக் கொடுப்பது என்றால் அவருக்குப் பிழைப்புக் கொடுப்பது என்று மட்டும் நினைத்திருந்தேன். அவருடைய அறிவு வீட்டுக்குள் வருகிறது, அதுதான் பெரிது. குண்டூவின் வேலையை வெறும் அழகாகப் பார்க்கிறவர்கள் இந்த இடத்தைத் தவறவிடுகிறார்கள் என்று நினைக்கிறேன்.

ஒரு தப்பு நடந்தது. குளியலறைக்கு மேலே முதலில் போட்ட சின்ன ஸ்லாபில் சட்டிகளைத் தண்ணீரில் ஊற வைக்காமல் வைத்துவிட்டோம். காய்ந்த சட்டி கான்கிரீட்டில் இருந்த தண்ணீரை உறிஞ்சிக்கொண்டது, சட்டியைச் சுற்றி மயிரிழை வெடிப்பு ஓடியது. அதை உடைத்து மறுபடி போட்டோம். தார்சாவுக்குப் போடும்போது முந்தின நாளே தொட்டியில் ஊறப்போட்டு, ஈரத்தோடு எடுத்து வைத்தோம். 14 அடிக்கு 12 அடி, ஓரத்தில் ஒரு அடி விட்டு, சட்டிக்கும் சட்டிக்கும் நடுவில் 4 அங்குலம், அந்தச் சந்தில் கம்பி. எண்பது சட்டி. பலகையைப் பிரித்த அன்று சித்தப்பா வெறுந்தரையில் மல்லாந்து படுத்து அந்த எண்பது வட்டத்தையும் எண்ணினார். மறுவருடம் சித்திரையில் போனபோது மத்தியானம் இரண்டு மணிக்கு அதே இடத்தில் பத்தமடைப் பாயில் தூங்கிக்கொண்டிருந்தார், ஃபேன் ஓடவில்லை. குழிகளில் குளவி கூடு கட்டுகிறது என்று சித்திக்குக் குறை. அது நியாயமான குறைதான், மாதம் ஒரு தடவை ஒட்டடைக் கம்பு எடுக்க வேண்டியிருக்கிறது.

ஓட்டைச் சுவர்

மேற்கே ஒரு ஜாலி, அதாவது செங்கல்லை விட்டு விட்டு அடுக்கிய ஓட்டைச் சுவர் வைத்திருந்தேன், காபி ஹவுஸ் ஞாபகத்தில். திருவனந்தபுரத்தில் காற்று ஈரத்தோடு, மரங்களுக்கு நடுவே வருகிறது. நமக்கு ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் காற்று மலையில் மழையை இறக்கி வைத்துவிட்டு, பொட்டலைத் தாண்டி, புழுதியை அள்ளிக்கொண்டு வருகிறது. ஒரே மாதத்தில் சித்தப்பாவின் புத்தகங்கள் எல்லாம் செம்மண் நிறம். மேற்கு ஜாலியை உள்பக்கம் மரக் கதவு போட்டு அடைத்தோம். கிழக்கு ஜாலி இன்றும் நன்றாக வேலை செய்கிறது. இதில் பேக்கரைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. அவர் தன் ஊர்க் காற்றுக்கு வைத்தார், நான் என் சின்ன வயது ஞாபகத்துக்கு வைத்தேன்.

வெள்ளம்

1992 நவம்பர் வெள்ளத்தில் பழைய வீட்டுத் திண்ணை வரை தண்ணீர் வந்தது என்று சித்தப்பா சொல்லியிருந்தார். திண்ணை இரண்டடி. அதற்கு மேல் அரையடி சேர்த்து, தரை மட்டத்தை இரண்டரை அடிக்கு உயர்த்தினேன், தரை வரை பொந்து இல்லாத கெட்டிக் கட்டு, அதற்கு மேல் பொந்துச் சுவர். ஊர் ஞாபகத்தில் இருந்த பெரிய வெள்ளத்துக்குக் கணக்கு சரி. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது, அந்த இரண்டு நாளும் ஆற்றின் கீழ்ப்பக்கத்து ஊர்கள் எல்லாம் மூழ்கின. சித்தப்பா வீட்டுக்குள் தரைக்கு மேல் ஒன்றரை அடி நின்றது. சித்தப்பாவும் சித்தியும் மாடிப்படிக் கூண்டுக்குள் இரண்டு ராத்திரி இருந்தார்கள். கூரை ஒரு சொட்டு ஒழுகவில்லை. கீழ்த்தட்டுப் புத்தகங்கள் போய்விட்டன. அதைப் பற்றி அவர் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

சுவரின் பொந்துக்குள் ஆற்றுத் தண்ணீர் போய்விட்டது. மற்ற மூன்று சுவரும் வெயிலும் காற்றும் பட்டு எப்படியோ காய்ந்தன, வடக்கில் வாழை நிழல், காற்றும் இல்லை. பங்குனிக் கடைசியில் கொத்தனார் அண்ணாச்சியைக் கூட்டிப்போனேன். காதை வைத்துத் தட்டிப் பார்த்தார், நாலடிக்கு ஒரு கல் என்று அடி வரிசையில் உருவச் சொன்னார். முதல் கல்லை எடுத்ததும் கரம்பை போல வண்டல், கறுப்பாக, ஈரமாக. பொந்தின் அடியில் அது உட்கார்ந்துகொண்டு மூன்று மாதம் ஈரத்தைப் பிடித்து வைத்திருந்தது. வெளியே நாங்கள் இணைப்பை நன்றாக அடைத்து மூடியிருந்ததால் போக வழியில்லை. நான் எதைப் பெருமையாக நினைத்தேனோ, அந்தக் கச்சிதமான வேலையேதான் தண்ணீரைச் சிறை வைத்திருந்தது.

கம்பியை விட்டு நோண்டிக் களியை எடுத்தோம், ஓஸ் வைத்துக் கழுவி விட்டோம், ஓட்டைகளை மூடாமல் அப்படியே விட்டோம். வைகாசிக்குள் சுவர் காய்ந்துவிட்டது.

அந்த வேலைக்கு நடுவே அண்ணாச்சி குறுக்குத்துறையைப் பற்றிப் பேசினார். தாமிரபரணிக்கு நடுவில் இருக்கும் முருகன் கோயில், ஆறு பெருகினால் முழுகிவிடும். முன்பக்கம் படகு மூக்கு மாதிரி இருக்கிறது, வரும் வெள்ளத்தை இரண்டாகக் கிழித்து விடுகிறது. வெள்ளம் வருமுன் உற்சவரை மேலக் கோயிலுக்குக் கொண்டுபோய்விடுகிறார்கள், வடிந்ததும் மண்ணை அள்ளிவிட்டு மறுபடி பூஜை. "உள்ள வந்தத வெளிய போக விட்டிருக்கான்லா, அதாம் நிக்கி" என்றார். பேக்கருக்கும் குண்டூவுக்கும் முன்னால் நான் உட்கார்ந்து படித்திருக்க வேண்டிய கட்டடம் என் அலுவலகத்திலிருந்து அரை மணி நேரத்தில் இருக்கிறது. நூறு தடவை அங்கே சாமி கும்பிட்டிருக்கிறேன், கட்டடமாக ஒரு தடவையும் பார்த்ததில்லை.

எந்தப் பக்கம் என்று கேட்டால்

நண்பர்கள் கேட்கிறார்கள், பேக்கரா, குண்டூவா என்று. சித்தப்பா மாதிரி ஒருவர், கையில் இருக்கும் பணம் இவ்வளவுதான் என்று வந்தால் நான் பேக்கரின் கேள்வியில்தான் தொடங்குவேன். வால் ஹவுஸ் ஒரு கட்டடக் கலைஞர் தனக்காகச் செய்து பார்த்த சோதனை, ஒரு பென்சன்காரர் சோதனைக்குப் பணம் கொடுக்க முடியாது. பேக்கர் பேராயருக்கும் கட்டினார், குடிசைவாசிகளுக்கும் கட்டினார், இருவரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டார். அந்த நேர்மை எனக்கு வேண்டும். ஆனால் அவர் வழியில் ஒரு குறை உண்டு. அது அவர் ஆளைச் சார்ந்தது. அவர் தளத்தில் நின்றார், அதனால் நடந்தது. அவர் நிற்காத இடத்தில் அவருடைய ஓட்டைச் சுவரும் வளைவு ஜன்னலும் வெறும் அடையாளமாகப் போய்விட்டன. சிமெண்ட் பூசிய சுவரின் மேல் செங்கல் நிற டைல் ஒட்டி 'பேக்கர் ஸ்டைல்' என்று விற்பதைத் திருநெல்வேலியிலேயே பார்த்துவிட்டேன், மனசு வலித்தது. குண்டூ வேறு தலைமுறை. செய்து பார்த்து, அளந்து, உடைத்துப் பார்த்து, எழுதி வைத்து, பாடம் நடத்தி, இன்னொருவர் கையிலும் அது நடக்கும்படி விடுகிறார். பேக்கரின் கடைசிக் காலக் கவலை ஒன்றை அவர் தொட்டிருக்கிறார் என்றும் சொல்வேன். செங்கல் சுட எரியும் விறகை நினைத்துப் பேக்கர் மண் சுவரின் பக்கம் திரும்பினார். குண்டூ அந்தத் தீயையே இரண்டு வேலை செய்ய வைத்தார்.

முன்னீர்பள்ளம் பக்கம் அடுத்த வீட்டுக்கு இப்போது படம் போட்டுக்கொண்டிருக்கிறேன். ஜன்னல் அடி மட்டம் வரை கெட்டிச் சுவர், அதற்கு மேல் பொந்து, பொந்து தொடங்கும் வரிசையிலேயே நாலடிக்கு ஒரு வடிகால் ஓட்டை, கொசுவலை வைத்து. மேற்கில் ஜாலி கிடையாது. கூலி முதல் நாளிலிருந்தே நாள் கணக்கு, அதை வீட்டுக்காரர் ஒப்புக்கொண்ட பிறகுதான் படத்தில் கையெழுத்துப் போட்டேன். ஆச்சியிடம் நூற்றிருபது சட்டி சொல்லியிருக்கிறேன். இந்தத் தடவை வாயை மூட அதே அளவில் ஒரு மண் தட்டும் சேர்த்துச் செய்து தருகிறேன் என்றிருக்கிறார், குளவிக்காக.